காலனிக்குள் நர்ஸம்மா வந்த வரலாறு

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) அது 99.6 விழுக்காடு. 2004–06இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 111 ஆக இருந்த தாய் இறப்பு, 2018–20இல் 54 ஆகக் குறைந்துவிட்டது. அதே காலத்தில் இந்திய சராசரி 254இலிருந்து 97க்கு வந்தது. இந்த எண்களைச் சொல்லாத அரசியல் மேடை இல்லை. ஒரு கட்சி தன் திட்டத்தைச் சொல்லும், இன்னொரு கட்சி தன் தலைவரின் பெயரைச் சொல்லும், மருத்துவர்கள் மருத்துவமனைகளைச் சொல்வார்கள்.

இந்தக் கணக்கில் யாரும் சொல்லாத ஒரு பெண் இருக்கிறார். கர்ப்பம் தரித்த செய்தியைக் கணவனுக்கு அடுத்து கேட்பவர், ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று விரலில் குத்திப் பார்ப்பவர், இரும்புச்சத்து மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பதைக் கண்டுபிடிப்பவர், பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த பிறகு தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பவர். அரசு அவருக்கு வைத்திருக்கும் பெயர் கிராம சுகாதார செவிலியர். நம் மக்களுக்கு அவர் நர்ஸம்மா.

நான் களப்பணி செய்வது ஆரணிப் பக்கம். பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையத்துக்கு அருகில், ஆரணியாற்றின் கரையில் இருக்கும் ஆரணி. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் செங்கல் சூளைகள், நடுவில் நெல் வயல்கள், ஒவ்வொரு ஊருக்கும் வெளியே ஒரு காலனி. இந்த நிலத்தில் நின்று பார்க்கும்போது ஒன்று புரிகிறது. நம் பெண்கள் மருத்துவமனைக்குப் போனது ஒரு வரலாறு. மருத்துவம் நம் காலனிக்குள் நடந்து வந்தது வேறொரு வரலாறு. முதல் வரலாறு எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை நாம்தான் எழுத வேண்டும். ஏனென்றால் அது தீண்டாமையின் வரலாறு. யார் யாரைத் தொடலாம், யார் யாருடைய வாசற்படி ஏறலாம் என்ற கேள்வியின் வரலாறு.

மருத்துவச்சியின் கை

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்பார்கள். அந்த மறுபிறவிக்குத் துணை நின்ற கைகள் யாருடையவை? தமிழகத்தில் பல இடங்களில் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்களே மருத்துவச்சிகளாக இருந்தார்கள். சேரிகளில் நம் பெண்களே நம் பெண்களுக்குப் பேறு பார்த்தார்கள். ரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு என்று சொன்ன சமூகம், அந்தத் தீட்டைத் தொடும் வேலையைக் கீழே தள்ளப்பட்டவர்களிடம் கொடுத்தது. பிள்ளை பிறக்கும் அந்த நேரத்துக்கு மட்டும் அவருடைய கை வேண்டும். தொப்புள்கொடி அறுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, துணியெல்லாம் துவைத்து முடித்த பிறகு அதே கை மீண்டும் தீண்டத்தகாத கை. கூலியாக நெல்லும் பழைய புடவையும் கிடைக்கும்.

புதுச்சேரிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வாழ்ந்த வீரம்மாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பறையர் சமூகத்தில் பிறந்த விவசாயக் கூலி, பாட்டுக்காரர், மருத்துவச்சி. தான் பெற்ற குழந்தைகளில் பெரும்பாலானவர்களைச் சாகக் கொடுத்தவர். ஜோசியான் ரசீனிடம் அவர் பல ஆண்டுகள் தமிழில் சொன்ன தன் வாழ்க்கை, 1995இல் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது, 1997இல் ஆங்கிலத்துக்குப் போனது. எத்தனையோ பெண்களுக்குப் பேறு பார்த்த கை, தன் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. அது அவருடைய அறியாமையால் மட்டும் நடந்ததா? பசி, ஓயாத கூலி வேலை, சுத்தமான தண்ணீர் இல்லாமை, கைக்கெட்டாத மருத்துவம் எல்லாம் சேர்ந்தே அந்தக் குழந்தைகளைக் கொண்டுபோயின.

ஆனால் காலனிய ஆவணங்களும் அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்களும் பழியை மருத்துவச்சி மேல் போட்டார்கள். அழுக்குக் கை, துருப்பிடித்த கத்தி, மூடநம்பிக்கை. 1927இல் காதரின் மேயோ எழுதிய 'மதர் இந்தியா' புத்தகத்திலும் இந்திய மருத்துவச்சியின் சித்திரம் இதுதான். சுத்தமில்லாத முறைகளால் தொற்று வந்ததும் தாய்மார்கள் செத்ததும் உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கைக்குச் சோப்பும் கொதித்த தண்ணீரும் பயிற்சியும் ஏன் போய்ச் சேரவில்லை என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. அந்தக் கையை அழுக்காகவே வைத்திருந்தது சாதி. அழுக்கு என்று குற்றம் சாட்டியதும் சாதியின் மேல்தட்டில் இருந்தவர்களே.

பெயரிலேயே சாதி இருந்த மருத்துவமனை

சென்னை எழும்பூரில் 1844இல் பிரசவ மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று நம் பகுதியிலிருந்து சிக்கலான பிரசவம் என்றால் ஆம்புலன்ஸ் ஓடும் அதே எழும்பூர் மருத்துவமனைதான். 1854இல் சென்னையில் பேறுகாலச் செவிலியர்களுக்குப் பயிற்சி தரும் பள்ளிக்கு அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் சாதி இந்துக் குடும்பங்களும், கோஷா முறையைப் பின்பற்றிய முஸ்லிம் குடும்பங்களும் இப்படிப்பட்ட பொது மருத்துவமனைகளுக்குத் தங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின. ஆண் மருத்துவர் தொடுவார் என்பது ஒரு காரணம். பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருப்பார் என்பது இன்னொரு காரணம்.

இதற்குத் தீர்வாக 1885இல் சென்னையில் இன்னொரு மருத்துவமனை உருவானது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்து படித்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவரின் முயற்சி அது. அந்த மருத்துவமனைக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை. இது நான் எதிர்ப்பாகச் சொல்லும் விளக்கம் அல்ல. அதிகாரபூர்வப் பெயரே அதுதான். 'சாதிப் பெண்கள்' என்றால் சாதி அமைப்புக்குள் இடம் உள்ளவர்கள். அந்த அமைப்புக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதுதான் இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை. சென்னைக்காரர்கள் இன்னமும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்கிறார்கள். பெயரில் இருந்த இரண்டு சொற்களில் கோஷா மட்டும் மக்கள் நாக்கில் தங்கிவிட்டது. சாதி என்ற சொல் சத்தமில்லாமல் உதிர்ந்துபோனது. இன்று அங்கே எல்லாச் சமூகப் பெண்களும் பிள்ளை பெறுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பெண்களுக்கான மருத்துவத்தில் இது ஒரு முற்போக்கான மைல்கல் என்று பாடப்புத்தகத்தில் படிக்கும்போது, அந்த மைல்கல்லில் யார் பெயர் இல்லை என்றும் நாம் படிக்க வேண்டும்.

அந்த மருத்துவமனை தொடங்கி ஆறு ஆண்டுகள் கழித்து, 1891இல், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்துத் தன் அறிக்கையை எழுதினார். பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த அறிக்கை என்று நமக்குத் தெரியும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் பொன்னேரியும் நம் ஆரணிப் பகுதியும் இருந்தன. குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத, அரை வயிற்றுக் கஞ்சியோடு பண்ணையில் கட்டுண்டு கிடந்த மக்களைப் பற்றிய ஆவணம் அது. சென்னைக்கு எட்டிய தூரத்தில்தான் இந்தச் சேரிகள் இருந்தன. இங்கே கர்ப்பிணிக்கு மருத்துவமனைக் கதவு மட்டும் மூடியிருக்கவில்லை. அந்தக் கதவு வரை போக வண்டியும் இல்லை, ஒரு நாள் கூலியை விட உரிமையும் இல்லை.

செவிலியர் ஆனவர்கள் யார்?

1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கியது. 1909இல் வேலூரில் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளி ஆரம்பித்தார். ஆனால் சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களைச் செவிலியர் வேலைக்கு அனுப்பவில்லை. அந்நியர் உடம்பைத் தொட வேண்டும், மலமும் ரத்தமும் துடைக்க வேண்டும், இரவில் வெளியே தங்க வேண்டும். மருத்துவம் படித்தால் பெருமை, செவிலியர் ஆனால் இழிவு. அதனால் தொடக்க காலத்தில் அந்த வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பங்களின் பெண்களுக்கு மிஷன் பள்ளிக்கூடமும் மிஷன் மருத்துவமனையும் திறந்த வாசல்களில் இதுவும் ஒன்று.

மருத்துவச்சிக்கும் செவிலியருக்கும் இடையே இருக்கும் தொடர்பைப் பாருங்கள். இரண்டு வேலையையும் சமூகம் தீட்டு என்றே பார்த்தது. இரண்டையும் அதனாலேயே மலிவான வேலையாக வைத்தது. 1926இல் வந்த சென்னை செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் சட்டம், பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவர்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. நல்லதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பேறு பார்த்த மருத்துவச்சி அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நின்றார். அவர் கையை விலக்கிவிட்டோம். அவர் இடத்தில் சேரிக்குள் யாரை அனுப்பினோம்? பல பத்தாண்டுகளுக்கு யாரையும் அனுப்பவில்லை.

1939இல் சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. அதில் தாய் சேய் நலத்துக்குத் தனி அத்தியாயமே இருந்தது. ஏட்டில் இருந்ததற்கும் நாட்டில் இருந்ததற்கும் உள்ள தூரத்தை 1946இல் வந்த போர் குழு அறிக்கை காட்டுகிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சம் தாய்மார்கள் பிரசவம் தொடர்பாக இறந்தார்கள், 1,000 பிரசவத்துக்கு 20 தாய்மார்கள் என்று அந்தக் குழு கணக்கிட்டது. 43,000 பேருக்கு ஒரு செவிலியர். 60,000 பேருக்கு ஒரு பேறுகாலச் செவிலியர். இருந்த கொஞ்சம் பேரும் நகரங்களில் இருந்தார்கள்.

அம்பேத்கர் கேட்ட ஓய்வு

கர்ப்பிணியின் நலத்தைக் கருணையாகப் பார்க்காமல் உரிமையாகப் பேசியவர்களில் அண்ணல் அம்பேத்கர் முன்னோடி. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் சுமையை அரசும் முதலாளியும் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது சுரங்கத் தொழிலாளப் பெண்களின் மகப்பேறு உதவியை மேம்படுத்தும் திருத்தத்தைக் கொண்டுவந்தார்.

சென்னை மாகாணத்திலும் 1930களின் நடுவில் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. 1961இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 2017இல் விடுப்பு 26 வாரமானது. ஆனால் இந்தச் சட்டங்களின் வழியே நம் பகுதியைப் பாருங்கள். தொழிற்சாலைக்குள் ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, கர்ப்பம் தெரிந்ததும் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பதே கேள்வி. நாற்று நடும் பெண்ணுக்கும், சூளையில் கல் அறுக்கும் பெண்ணுக்கும் 26 வாரம் என்பது வேறு நாட்டுச் செய்தி. அந்தப் பெண்ணுக்கு ஓய்வைப் பற்றி, உணவைப் பற்றி, குருதி அழுத்தத்தைப் பற்றிப் பேச அரசின் சார்பில் வருகிற ஒரே ஆள் செவிலியர்தான். அதனால்தான் அவர் வருகிறாரா இல்லையா என்பது நமக்கு உயிர்ப் பிரச்சனை.

படியேறி வந்தவர்

1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. அதற்குக் கீழே துணை சுகாதார நிலையங்கள். 1973இல் கர்த்தார் சிங் குழு, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி ஊழியர் என்ற முறையை விட்டு, ஒரு பகுதிக்கு ஒரு பல்நோக்குப் பணியாளர் வேண்டும் என்றது. அந்த வழியில் உருவானவர்தான் நம் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு, மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. தமிழ்நாட்டில் இப்படி 8,700க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. மற்ற மாநிலங்களில் ஆஷா பணியாளர் செய்யும் வேலையையும் இங்கே பெரும்பாலும் இவரே செய்கிறார். ஆஷா முறை தமிழ்நாட்டில் மலை, பழங்குடிப் பகுதிகளோடு ஏறக்குறைய நின்றுவிட்டது.

அவர் வேலையை ஒரு பட்டியலாகச் சொன்னால் சாதாரணமாகத் தெரியும். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்வது, எடை, குருதி அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, ஸ்கேனுக்கு அனுப்புவது. பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வந்து தையல் ஆறியதா, உதிரப்போக்கு அதிகமா, குழந்தை பால் குடிக்கிறதா, தொப்புளில் சீழ் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. சீம்பால் கெட்ட பால் என்று பிழிந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் மாமியாரிடம் பேச வேண்டும். பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வீட்டில் பேச வேண்டும். மூன்றாம் நாள் ராத்திரி காரணமில்லாமல் அழும் பெண்ணுக்குப் பேய் பிடிக்கவில்லை, மனம் நொந்திருக்கிறது, அவளைத் தூங்க விடுங்கள் என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய சுவரொட்டி செய்யாது. வாசலில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்து, பேர் சொல்லிப் பேசுகிறவர்தான் செய்ய முடியும்.

கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்து. இதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். காலனி வீட்டில் தண்ணீர் குடிக்கும் செவிலியர் சொல்லும் பேச்சு எடுபடும். தெருமுனையில் நின்று பெயரைக் கூப்பிட்டு, மாத்திரையைக் கைபடாமல் போட்டுவிட்டுப் போகிறவர் சொல்வது எடுபடாது. இது வெறும் மனத்தாங்கல் அல்ல. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு, மருத்துவச் சேவைக்குள் தீண்டாமை எப்படி வேலை செய்கிறது என்று காட்டியது. தொட்டுப் பார்ப்பதில், மருந்து கொடுக்கும் விதத்தில், நோயாளியோடு செலவிடும் நேரத்தில், வீட்டுக்குள் வராமல் இருப்பதில் அது இருந்தது. இப்படிப்பட்ட தீண்டாமை கையெழுத்துப் போட்ட பதிவேட்டில் தெரியாது. பதிவேட்டில் "வீட்டுப் பார்வை முடிந்தது" என்றே இருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இடஒதுக்கீட்டின் வழியாக நம் பெண்கள் கிராம சுகாதார செவிலியர்களாக வந்தார்கள். பல காலனிகளில் முதன்முதலாக அரசுச் சம்பளம் வாங்கிய பெண்கள் டீச்சரும் நர்ஸும்தான். தீட்டு என்று தள்ளப்பட்ட மருத்துவச்சியின் பேத்தி, அரசு முத்திரையோடு ஊர்த்தெருவுக்குள் நுழைந்து, ஊர்ப்பெண்ணின் வயிற்றில் கை வைத்துப் பிள்ளையின் துடிப்பைப் பார்க்கிறார். சட்டம் எழுதாத ஒரு மாற்றத்தை இந்த வேலை செய்தது. அவருக்கு வீடு வாடகைக்குக் கிடைத்ததா, எந்த வாசல் வரை அனுமதித்தார்கள் என்று கேட்டால் அந்த மாற்றத்தின் எல்லையும் தெரியும்.

'கேஸ்' பிடித்த காலம்

செவிலியரைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. நம் பெண்கள் நர்ஸைக் கண்டு ஒளிந்த காலமும் உண்டு. 1970கள் முதல் 1990களின் நடுப்பகுதி வரை, குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கே செவிலியரின் வேலையை அளந்தது. மாதம் இத்தனை 'கேஸ்' கொண்டுவர வேண்டும் என்று மேலிருந்து நெருக்குவார்கள். அந்த நெருக்கடி கடைசியில் வந்து இறங்குவது மறுத்துப் பேசத் துணிவில்லாத ஏழைப்பெண் மீது. 1996இல்தான் இலக்கு முறை கைவிடப்பட்டது.

சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1990களின் நடுவில் சென்னையிலும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் ஏழைப்பெண்களின் பிரசவ அனுபவங்களை ஆய்வு செய்தார். பிரசவ அறையில் திட்டு, ஒவ்வொன்றுக்கும் கையூட்டு, கேட்காமலேயே பிரசவம் முடிந்ததும் காப்பர்-டி வைத்து அனுப்புவது என்று பலவற்றை அவர் பதிவு செய்தார். அதே பெண்கள் நவீன மருத்துவத்தை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வலி வர ஊசியும் வேண்டும், மரியாதையும் வேண்டும் என்றார்கள். பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் முறை 2000களில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது. இது சலுகை அல்ல. அவமானத்தைச் சகித்த பெண்களின் அனுபவத்திலிருந்து வந்த உரிமை. துணைக்கு ஆள் விடவில்லை என்றால் கேளுங்கள்.

2008: செவிலியர் வராமல் போனபோது

இப்போது நம் மாவட்டத்தின் கதைக்கு வருவோம். 2008 ஏப்ரலில், திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. ஆரணியாற்றின் மேற்குப் பக்கத்துக் கிராமங்களில் அந்தத் துக்கத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பெற்ற வயிறு எரிந்தது. அரசு ஆடிப்போனது.

அரசு எடுத்த முடிவு இது: கிராமத்தில், துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் தடுப்பூசி போடக் கூடாது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும். கேட்பதற்கு நியாயமான முடிவு. ஏதாவது ஆனால் மருத்துவர் பக்கத்தில் இருப்பார். ஆனால் அதுவரை புதன்கிழமைதோறும் குளிர்ப்பெட்டியோடு கிராமத்துக்கு வந்த செவிலியர் வரவில்லை. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்துக்குப் போக வேண்டும். பேருந்து இருக்கும் ஊருக்கு அது ஒரு மணி நேர வேலை. பேருந்து வராத காலனிக்கு, இருளர் குடியிருப்புக்கு, சூளைக்கு அது ஒரு நாள் கூலி.

2005–06 ஆய்வில் தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 80.9 விழுக்காடு, இந்தியாவிலேயே முன்னணி. 2015–16 ஆய்வில் அது 69.7 ஆகச் சரிந்தது. இந்தச் சரிவுக்கு ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. ஆனால் வாசலுக்கு வந்த சேவையை நிறுத்தியதை ஒதுக்கிவிட்டும் அதைப் புரிந்துகொள்ள முடியாது. பிறகு கிராமங்களுக்குத் தடுப்பூசி படிப்படியாகத் திரும்பி வந்தது. 2019–21இல் அந்த எண் 89.2 ஆக உயர்ந்தது.

நான்கு குழந்தைகளின் மரணத்துக்குப் பின் பாதுகாப்பைக் கூட்ட வேண்டியது கட்டாயம். அந்தப் பாதுகாப்பை இரண்டு விதமாகச் செய்திருக்கலாம். மருத்துவரையும் அவசர மருந்தையும் வண்டியையும் கிராமத்துக்கு அனுப்புவது ஒரு வழி. தாயை நிலையத்துக்கு வரவழைப்பது இன்னொரு வழி. அரசு இரண்டாவதைத் தேர்ந்தது. அதாவது, பாதுகாப்பின் செலவை நடந்து வர வேண்டியவள் மேல் வைத்தது. மையத்திலிருந்து யார் தூரத்தில் இருக்கிறார்களோ அவர்களே அதிகம் நடந்தார்கள். இந்த நாட்டில் தூரத்தை வகுத்தது யார் என்று நமக்குத் தெரியும்.

பணம் வந்தது, நேரம் போனது

1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் 300 ரூபாயில் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ஆனது. கர்ப்பிணியின் தட்டில் முட்டையும் பழமும் வர இது உதவியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. மூன்றாவது முறை கருவுற்ற ஏழைப்பெண்ணுக்குத்தான் உடம்பு அதிகம் பலவீனமாக இருக்கும். அவளுக்கு உதவி இல்லை.

பணத்தோடு கணினியும் வந்தது. கர்ப்பிணிக்கு ஒரு பதிவு எண். அந்த எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை சிக்கல். ஒடிசாவிலிருந்து சூளை வேலைக்கு வரும் பெண்ணிடம் ஆதார் அட்டை முதலாளியிடம் இருக்கும், கைப்பேசி மேஸ்திரியிடம் இருக்கும். மழை வந்தால் குடும்பமே இடம் மாறிவிடும். அவளைத் தேடிப் போக வேண்டிய செவிலியர், மாலையில் பதிவேற்றம் முடிக்கவில்லை என்ற குறுஞ்செய்திக்குப் பயந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க மூன்று செவிலியர்கள் முறைவைத்து வேலை செய்யும் ஏற்பாடு தமிழ்நாட்டின் பெரிய சாதனை. அந்தச் செவிலியர்களில் பலரை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தது நினைவிருக்கும். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத செவிலியர், அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத கர்ப்பிணிக்கு நிம்மதியாக இருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இதன் விளைவு 2019–21 ஆய்வில் தெரிகிறது. 99.6 விழுக்காடு பிரசவம் மருத்துவமனையில் நடந்த அதே மாநிலத்தில், கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. நூற்றுக்கு 45 பிரசவம் அறுவை சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் அது 64. பிள்ளை பிறக்கும் அந்த ஒரு நாளை நாம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதற்கு முந்தைய ஒன்பது மாதமும் பிந்தைய ஆறு வாரமும் இன்னும் காலனியிலேயே கழிகின்றன.

ஜாம்கேட் காட்டிய வழி

முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம். 1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் பகுதியில் ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே என்ற மருத்துவத் தம்பதி, படிப்பறிவில்லாத கிராமப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்களில் பலர் தலித் பெண்கள். தொடக்கத்தில் அவர்களைப் படியேற்றாத வீடுகள், பிறகு பிரசவ வலி வந்தால் அவர்களையே தேடி வந்தன. ஆழ்துளைக் கிணறுகளைத் தலித் குடியிருப்புக்குள்ளேயே தோண்டச் செய்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் ஊர் அங்கே வர வேண்டும். சேவையை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதே சாதியைப் பற்றிய ஒரு முடிவு என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைக் குற்றம் என்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைய விடாமல் தடுப்பதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியது. இரண்டும் நம் போராட்டத்தின் பலன்கள். ஆனால் இரண்டும் நாம் உள்ளே போவதைப் பற்றிப் பேசுகின்றன. மருத்துவம் நம் காலனிக்குள் வராமல் இருப்பதைக் கேட்க, அந்த அளவுக்குத் தெளிவான சட்டம் கையில் இல்லை. அதை மக்களின் கேள்வியாக நாம்தான் மாற்ற வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவத் தோழர்கள் தங்கள் ஊரிலேயே தொடங்கலாம். துணை சுகாதார நிலையம் ஊர்த்தெருவில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா? தடுப்பூசி முகாமை எந்தக் கட்டடத்தில் நடத்துகிறார்கள், அங்கே எல்லாரும் போக முடிகிறதா? பிரசவமான பெண்ணின் வீட்டுக்குச் செவிலியர் எத்தனை முறை வந்தார், உள்ளே வந்தாரா, வாசலோடு போனாரா? சூளையில் இருக்கும் கர்ப்பிணிகளின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? ஒரு நோட்டும் ஒரு வாரமும் போதும். எழுதி எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். பேரூராட்சி என்றால் மன்றத்துக்குப் போங்கள், வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள். கூடவே உங்கள் ஊர்ச் செவிலியரிடமும் பேசுங்கள். காலியாக இருக்கும் பணியிடத்தின் வேலையையும் சேர்த்து அவரே சுமந்துகொண்டிருக்கலாம். அவர் நம் எதிரி அல்ல. பல இடங்களில் அவர் நம் வீட்டுப் பெண்.

அரசிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். தாய் இறப்பு விகிதம் 54 என்று சொல்லும் மாதிரிப் பதிவு அறிக்கையில் சாதிவாரிக் கணக்கு கிடையாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கை செய்கிறார்கள். அந்தத் தணிக்கையின் முடிவுகளைப் பெயர் இல்லாமல், பட்டியல் சாதி, பழங்குடி, பிறர் என்று பிரித்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இறந்த பெண் எந்தக் குடியிருப்பில் இருந்தார், கடைசியாக எந்த நாளில் செவிலியர் அவரைப் பார்த்தார் என்பதும் அதில் இருக்க வேண்டும். 1885இல் மருத்துவமனையின் பெயர்ப்பலகையிலேயே சாதியை எழுத இந்தச் சமூகம் கூச்சப்படவில்லை. இறந்தவர்களின் கணக்கில் எழுத மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?